மீன் பீப்பாய் நின்ற நீச்சல் குளம்

சைமி என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது 1939 கோடையில், பின்லாந்தில் எங்கள் ஊரான சோர்தவலாவில். அண்ணன் ஆர்மாஸ் ஏரியிலிருந்து தலை சொட்டச் சொட்ட வந்து நின்றான்.

"ஒரு பொண்ணுகிட்ட நீச்சல்ல தோத்துட்டேன்மா. பேரு சைமி. கட்டினா அவளத்தான்."

"தோத்துட்டு வந்தவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?" என்றாள் அம்மா.

கொடுத்தார்கள். எங்கள் மாமன் பெண்டாட்டிக்கு அவள் சித்தப்பா மகள், அந்நியமில்லை. அறுவடைக்குள் கல்யாணம் முடிந்தது. மறு கோடையில் ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் நடப்பதாக இருந்தது. நூறு மீட்டர் நீச்சலுக்கான பட்டியலில் அண்ணி பெயரும் இருந்தது.

நவம்பர் கடைசி நாள் ரஷ்யக் குண்டு விழுந்தது. அண்ணன் போர்முனைக்குப் போனான். நாங்கள் மாடு ஏற்றும் ரயிலில் ஊரைவிட்டு வந்தோம். வசந்தத்தில் ஒலிம்பிக் இல்லையென்று வானொலி சொன்னது.

"அதனால என்ன ஹில்கா, நாப்பத்துநாலுல எனக்கு இருபத்தஞ்சுதானே" என்றாள் அண்ணி.

இடையில் ஓய்ந்த போர் மறுவருஷம் மறுபடியும் மூண்டது. இலையுதிர் காலத்தில் அண்ணியையும் என்னையும் ஹெல்சிங்கியில் மீன் கிடங்கு வேலைக்கு எடுத்தார்கள். கிடங்கு என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். வாசலைத் தாண்டியதும் அண்ணி அப்படியே நின்றுவிட்டாள்.

அது ஒலிம்பிக் நீச்சல் குளம். பாதி கட்டியபடி கிடந்தது. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் உப்பு மீன் பீப்பாய்கள். அந்தக் கோடியில் முட்டைக்கோஸ் குவியல்.

"அண்ணி, ஏன் இப்படி வெளுத்துட்டீங்க?"

அண்ணி ஏணியில் இறங்கினாள். பீப்பாய்களுக்கு நடுவே நடந்து எதிர்ச்சுவரைத் தொட்டாள். திரும்பி நடந்தாள்.

"ஏம்மா, வேலைக்கு வந்தியா, உலாத்த வந்தியா?" மேஸ்திரி கத்தினார்.

"நீந்த வந்தேன்."

கீழே நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். "பீப்பாய்க்குள்ள குதிடி, அதுலதான் தண்ணி இருக்கு!"

அண்ணி மேஸ்திரியைப் பார்த்தாள். "சுவத்துக்குச் சுவரு எத்தன மீட்டரு?"

"அம்பது. எதுக்குக் கேக்குற?"

"போக வர நூறு" என்றாள் அண்ணி. "அப்ப முடிச்சிட்டேன்."

கையுறையை மாட்டிக்கொண்டு பீப்பாயை உருட்டத் தொடங்கினாள். எனக்குத்தான் கை ஓடவில்லை. அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நாற்பத்துநாலு ஒலிம்பிக்கும் நடக்கவில்லை. ஐம்பத்திரண்டில் அதே குளத்தில் நடந்தபோது அவளுக்கு முப்பத்துமூன்று. அண்ணன் சீட்டு வாங்கி வந்தும் அவள் பார்க்கப் போகவில்லை.

சைமி இப்போது லாஹ்தி ஊரில், மூத்த மகள் வீட்டில் இருக்கிறாள்.