ஒரே வேலைக்கு இரண்டு விண்ணப்பங்கள்

நானும் மலையாளியான என் மனைவியும் ஒரே ஆய்வகத்தில் முனைவர் பட்டம் முடித்தவர்கள். இறாலைக் கொல்லும் ஒரு வைரஸ் அதன் செல்லுக்குள் எப்படி நுழைகிறது என்பதுதான் இருவருக்கும் ஆராய்ச்சி. ஜெர்மனியில் ஓர் ஆய்வகம் போஸ்ட்டாக் எனும் மேல் ஆராய்ச்சி வேலைக்கு ஆள் கேட்டபோது இருவருமே விண்ணப்பித்தோம். இருந்தது ஒரே இடம். யாருக்குக் கிடைத்தாலும் சந்தோஷம்தான் என்று பேசிக்கொண்டோம். எனக்குத்தான் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் நான் சொன்ன வார்த்தை அது. என் பெயரில் அவளைவிட ஒரு கட்டுரை கூடுதல்.

மூன்று வாரம் கழித்து எனக்கு இரண்டு வரியில் வருத்தம் தெரிவித்தார்கள். அவளை நேர்காணலுக்கு அழைத்தார்கள்.

நேர்காணல் நாளன்று மட்டாஞ்சேரியில் எங்கள் மாடி வீட்டுக்கு அடுத்த வீட்டில் டைல்ஸ் வேலை. நேர்காணல் மதியம் இரண்டு மணிக்கு. ஒன்றே முக்காலுக்கு டைல்ஸ் அறுக்கும் மிஷின் அலறத் தொடங்கியது.

"ஒரு மணிக்கூர் நிறுத்தச் சொல்லிட்டு வாயேன். அவங்க தமிழ்நாட்டுக்காரங்கதானே, நீ சொன்னா கேப்பாங்க" என்றாள்.

இறங்கிப் போனேன். தலையெல்லாம் வெள்ளைத் தூசியோடு உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தினார்.

"என்ன சார்? சத்தம் ரொம்பத் தொந்தரவா இருக்கா?"

"இல்லண்ணே. நீங்க வேலையப் பாருங்க" என்று கையாட்டினேன்.

எதிர்க்கடையில் ஒரு சாயா சொல்லிவிட்டு நின்றேன். மிஷின் மறுபடி அலறியது. அந்தச் சத்தம் அவ்வளவு இதமாக இருந்தது என்பதை எழுத இப்போதும் கூசுகிறது.

இரண்டரைக்கு மாடியேறினேன். அவள் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருந்தாள். கதவுக்கு அப்பால் அவள் சிரிப்பது கேட்டது. கூடவே லேப்டாப்பிலிருந்து இன்னும் இரண்டு பேரின் சிரிப்பு.

வெளியே வந்தவளிடம், "சொன்னேன், கேக்கலை" என்றேன்.

"ஜன்னல்ல நின்னு பாத்தேன். நீ கையாட்டினதும்தான் அவர் திரும்ப ஆரம்பிச்சார். சொல்லவே இல்லல்லே?"

"இல்ல."

"ஏன்?"

"எனக்குக் கிடைக்காதது உனக்கும் வேண்டாம்னு தோணிச்சு."

அதன்பின் சாப்பாடு, துணி, கேஸ் சிலிண்டர் இவற்றைப் பற்றி மட்டுமே என்னோடு பேசினாள். வேலை கிடைத்த செய்தியை முதலில் அவள் அம்மாவிடம்தான் சொன்னாள். அடுத்த அறையிலிருந்து நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்க எனக்கு அதற்குப் பிறகும் ஒரு வாரம் ஆயிற்று. "சரி, விடு" என்றாள். அவள் விட்டுவிட்டதாகத் தெரியவில்லை.

இரண்டு மாதத்தில் போய்விட்டாள். நான் இங்கே ஒரு தற்காலிகத் திட்டத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே எந்த இடம் காலியானாலும் அந்த அறிவிப்பை எனக்கு அனுப்புகிறாள். என் விண்ணப்பங்களை வரி வரியாகத் திருத்துகிறாள்.

போன வாரம் வீடியோவில் தன் சோதனையில் கிடைத்த முதல் நல்ல முடிவைக் காட்டினாள்.

"எத்தனை தடவை பண்ணிப் பாத்தே?" என்றேன்.

"மூணு."

"இன்னும் ஒரு தடவை பண்ணிடேன்."

"பொறாமையா?"

"ஆமா" என்றேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.