குடைக்குள்ளிருந்து பார்த்த தெரு

கண் மருத்துவர் சொல்லித்தான் அவள் தெருவைப் பார்க்கத் தொடங்கினாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வருடக்கணக்காக நுண்ணோக்கிக்குள் குனிந்து கிடந்ததில் கண் களைத்துப்போயிருந்தது. "மத்தியானம் அரை மணி நேரம் வெளிய போய்த் தூரமா எதையாவது பாருங்க" என்றார் அவர். சும்மா பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்கு வராது. கண்டதைக் குறித்துவைக்காவிட்டால் காணாததற்குச் சமம் என்கிற தொழில். ஆகவே ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு தெரு முக்கில் போய் உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்து ஒன்பது வருடமாகிறது.

உட்கார இடம் கொடுத்தது செருப்புத் தைப்பவர். அவருடைய கறுப்புக் குடை நாலு பேரை நனையாமல் காக்கும் அளவுக்குப் பெரியது. நிழல் பாதி வீணாகக் கிடக்கிறதே என்று கேட்டாள். அவர் ஒரு மரப்பெட்டியைக் காலால் நகர்த்திப் போட்டார். அன்றிலிருந்து அவள் அவரை 'அண்ணே' என்கிறாள், அவர் அவளை 'அக்கா' என்கிறார். இருவரில் யார் மூத்தவர் என்று இன்றுவரை விசாரித்துக்கொண்டதில்லை. விசாரித்தால் யாராவது ஒருவர் மரியாதையை இழக்க வேண்டிவரும்.

தெரு அவளுக்கு 'ஊசியக்கா' என்று பெயர் வைத்தது. "என் கையிலயும் ஊசி, உங்க கையிலயும் ஊசி. ஆனா நான் குத்தினா செருப்பு அழறதில்ல" என்பார் செருப்புக்காரர்.

வெறும் பேனாவில் தொடங்கிய படங்கள் நாளடைவில் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டன. வானத்துக்கு நீர்வண்ணம், மஞ்சள் வெயிலுக்கு மெழுகுக் கிரேயான், பஸ்ஸின் பக்கவாட்டுக்குப் பயணி கசக்கிப் போட்ட டிக்கெட்டையே ஒட்டினாள். முதல் நோட்டு நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் பழுப்பு வண்ணம் தீர்ந்துவிட்டது. செருப்புக்காரர் பாலிஷ் டப்பாவை நீட்டினார். விரலில் தொட்டுச் சுவர் இருந்த இடத்தில் தேய்த்தாள். மேலே வண்ணத்தண்ணீர் ஓட்டியபோது பாலிஷ் பட்ட இடத்தில் தண்ணீர் ஒட்டாமல் விலகி ஓடி, காரை பெயர்ந்த பழஞ்சுவர் அப்படியே எழுந்து நின்றது. அப்புறம் அவள் பழுப்பு வண்ணம் வாங்கவே இல்லை. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் பரிசோதனைக் குறிப்புப்போலத் தேதி, நேரம், வெயிலா மழையா என்று எழுதுவாள். பதினொரு நோட்டுகள் சேர்ந்திருந்தன.

இந்த வருடம் எதிரே இருந்த துணிக்கடை ஒரு புகார் கொடுத்தது. தெருவின் இந்தக் கோடியிலிருந்து வருகிறவர்களுக்குக் கடையின் கண்ணாடிக்குள் துணி உடுத்தி நிற்கும் பொம்மைகள் தெரியாமல் குடை மறைக்கிறதாம். மாநகராட்சி மண்டல அலுவலகத்திலிருந்து தாள் வந்தது. ஐந்து வருடத்துக்கு மேல் அதே இடத்தில் தொழில் செய்ததற்கு ஆதாரம் காட்டினால் அடையாள அட்டை கிடைக்கும், இல்லாவிட்டால் பத்து நாளில் இடத்தைக் காலி செய்ய வேண்டும். முப்பது வருடம் குனிந்து உட்கார்ந்து ஊரின் கால்களைக் காப்பாற்றியவரிடம் அவர் இருந்தாரா என்று கேட்டார்கள். பத்தாயிரம் பேர் செருப்பை அவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். ரசீது கேட்க ஒருவருக்கும் தோன்றியதில்லை.

"ஆதாரம்தானே? என்கிட்ட ஒன்பது வருஷ ஆதாரம் இருக்கு. தேதி போட்டு இருக்கு. நீங்க நிம்மதியா வேலையப் பாருங்கண்ணே" என்றாள் அவள். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அன்று மாலை பதினொரு நோட்டுகளையும் தரையில் பரப்பினாள். முதல் நோட்டில் பழக்காரி இருந்தாள். சாவி செய்பவர் இருந்தார். மருந்துக்கடை வாசலில் தூங்கும் நாய்கூட அறுபது படங்களில் இருந்தது. இரண்டாவது, மூன்றாவது என்று பதினொன்றையும் புரட்டி முடித்தாள். செருப்புக்காரர் ஒரு படத்திலும் இல்லை.

பஸ் ஓட்டுநரான கணவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். "உன் பஸ்ஸுல என்னைக்காவது டிரைவர் இருந்திருக்கானா? எல்லா பஸ்ஸும் தானாதானே ஓடுது. நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்?"

"சும்மா இருங்க. இது வேற."

"வேறதான். டிரைவர் தூரத்துல இருந்தான், தெரியல. அவர் உன் பக்கத்துலயே இருந்தார், தெரியல."

தெருவைப் பார்த்து உட்கார்ந்தவள் பக்கத்தில் திரும்பவில்லை, காரணம் அவ்வளவுதான். உட்காரும் கோணம் அப்படி என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கோணத்தை ஒன்பது வருடம் மாற்றாமல் இருந்தது அவள். செருப்புத் தைக்கிறவரைப் பார்க்காமல் கடந்துபோகும் ஊரைத் திட்டித் தீர்த்திருக்கிறாள், அவர் கொடுத்த பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டே.

மறுநாள் மத்தியானம் மறைக்காமல் சொல்லிவிட்டாள். "அண்ணே, நீங்க ஒரு படத்துலயும் இல்ல. மன்னிச்சிடுங்க."

செருப்புக்காரர் வாரில் குத்திய ஊசியை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தார். "இல்லையா? நான் உங்க முன்னாடி வந்து நின்னிருக்கணும் போல. உங்களுக்குத்தான் வெளிச்சத்த மறைக்கக் கூடாதேன்னு ஒதுங்கியே உட்கார்ந்தேன்." கையைத் துடைத்துக்கொண்டு ஒரு நோட்டை வாங்கிப் புரட்டினார். புரட்டியவர் நின்றார். "ஆமா, எல்லாப் படத்துலயும் மேல கறுப்பா ஒரு வளைவு வருதே, அது என்ன மேகமா?"

"அது குடை ஓரம். படத்துக்குச் சட்டம் மாதிரி இருக்கட்டும்னு..." என்று தொடங்கியவள், வளைவுக்குக் கீழே இருந்த பழுப்புச் சுவரை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பிறகு நோட்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, கூடவே பாலிஷ் டப்பாவையும் எடுத்துக்கொண்டு, பரிசோதனைக் கூடத்துக்கு நடந்தாள்.

"அக்கா, அந்த டப்பா எனக்கு வேணும்" என்று அவர் கத்தியது காதில் விழவில்லை.

விசாரணை நாளில் மண்டல அலுவலர் முதலில் நோட்டுகளை நிதானமாகப் பார்த்தார். பிறகு கேட்டார்: "படம் நல்லா இருக்கும்மா. ஆள் எங்க?"

அவள் ஒரு தாளை நீட்டினாள். ரத்தப் பரிசோதனை முடிவு எழுதும் தாள்தான். மாதிரி ஒன்று, முதல் நோட்டின் சுவரிலிருந்து சுரண்டிய பழுப்பு மெழுகு. மாதிரி இரண்டு, ஆறாவது நோட்டு. மாதிரி மூன்று, டப்பாவில் இன்று இருக்கும் பாலிஷ். நுண்ணோக்கியில் மூன்றிலும் காணப்பட்டவை: தோல் சீவிய தூள், மெழுகு பூசிய தையல் நூலின் இழைகள்.

"வண்ணக் கடையில விக்கிற எந்த வண்ணத்துலயும் செருப்புத்தோல் தூள் இருக்காது சார். தோல் சீவின கையால தொட்ட டப்பாவுலதான் இருக்கும். தேதி பாருங்க."

அலுவலர் தாளைப் படித்தார். தனக்கே ஏதோ நோய் கண்டுபிடித்துவிட்டார்களோ என்பதுபோல இன்னொரு தடவை படித்தார். "பாலிஷ் சரி. அதே இடம்னு எப்படிச் சொல்றீங்க?"

"இந்தப் பக்கத்த எடுத்துக்கிட்டு நீங்களே வந்து நில்லுங்க. விளக்குக் கம்பம் மருந்துக்கடையோட மூணாவது ஜன்னல மறைக்கணும், துணிக்கடைப் பலகையோட கடைசி எழுத்து தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே வரணும். ரெண்டும் சேர்ந்து வர்ற இடம் தெருவுலயே ஒண்ணுதான். இன்னொண்ணும் பார்த்துடுங்க சார். துணிக்கடையோட மூணு படி நடைபாதையில இறங்கியிருக்கே, அது ஏழாவது நோட்டுலதான் வருது. குடை முதல் பக்கத்துலயே இருக்கு. அந்தப் படிகிட்ட யாராவது ஆதாரம் கேட்டாங்களா?"

அலுவலர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அலுவலகத்திலிருந்து தெரு நாலு எட்டுதான். நல்ல மனிதர், வந்தார். நோட்டை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, இடது பக்கம் நகர்ந்தார். பின்னால் ஒரு அடி வைத்தார், இன்னும் ஒரு அடி. கம்பம் ஜன்னலை நெருங்கியது. எழுத்து தொட்டிக்குக் கீழே வந்தது. குடைக் கம்பி அவர் பின்னந்தலையில் இடித்தது.

"வாங்க சார்" என்றார் செருப்புக்காரர், தலையைத் தூக்காமலே. "வாரா, அடித்தோலா?"

அலுவலர் மண்டையைத் தடவிக்கொண்டு சிரித்துவிட்டார். சிரித்ததோடு நிற்காமல் அங்கேயே, மரப்பெட்டிமேல் வைத்து அட்டைக்கான தாளில் கையெழுத்தும் போட்டார். போகும்போது துணிக்கடையின் படிகளைக் காலால் அளந்து எதையோ குறித்துக்கொண்டு போனார். அட்டையில் ஒட்டத் தொழில் செய்யும் நிலையில் ஒரு படம் வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். புகைப்படமா வரைந்த படமா என்று அவர் சொல்லவில்லை, அவள் கேட்கவும் இல்லை.

அடுத்த நாள் முதல்முறையாக அவள் எதிர்ச்சாரியில் போய், துணிக்கடையின் மூன்றாவது படியிலேயே உட்கார்ந்தாள். நிழல் இல்லை, மண்டை காய்ந்தது. செருப்புக்காரர் தலை வாரிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். நடுவில் பஸ் வந்து வந்து மறைத்தது. "சாதாரணமா இருங்கண்ணே" என்று கத்தினாள். ஒரு பெண் அறுந்த செருப்போடு வந்து நின்ற பிறகுதான் அவர் குனிந்து அவராக ஆனார். அப்போது விறுவிறுவென்று வரைந்தாள். முழங்காலில் இறுக்கிய செருப்பு, பல்லில் கடித்த நூல், இடது கட்டைவிரலில் சுற்றிய துணி. இத்தனை நாள் அந்தத் துணியை அவள் பார்த்ததே இல்லை.

தெருவைக் கடந்து கொண்டுபோய்க் காட்டினாள். அவர் தூரமாகப் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "மூஞ்சி நான்தான். ஆனா குடையில மூணு ஒட்டு இருக்கு. ரெண்டுதான் போட்டிருக்கீங்க."

அவள் அண்ணாந்து எண்ணினாள். மூன்றுதான். உள்ளேயிருந்து பார்த்தால் மூன்றிலும் வெளிச்சம் கசிந்தது.

"டப்பாவக் குடுங்க" என்று பெட்டியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"போன டப்பா இன்னும் வரல" என்றார் அவர், புதியதைத் திறந்துகொண்டே.