காய்ச்சலோடு கேட்ட லீவு

பேளுக்குறிச்சியில் ஒரு டெலிவரி கம்பெனியின் கிளை மேலாளராக இருந்தேன். எங்கள் பார்சல்களைக் கொல்லிமலைக்குக் கொண்டுபோகும் செல்வராஜ், கொண்டை ஊசி வளைவில் பைக்கோடு விழுந்து இறந்துபோனார். நஷ்டஈட்டுக்கு விண்ணப்பிக்க, அவர் எங்களிடம் வேலை பார்த்ததாகக் கடிதம் கேட்டு அவர் மனைவி வந்தார்.

மேலிடம் சொல்லிக்கொடுத்ததையே சொன்னேன். "அவர் எங்க தொழிலாளி இல்லீங்க, பார்ட்னர். இஷ்டமிருந்தா ஓட்டலாம், இல்லாட்டி விட்டுரலாம்."

அந்த அம்மா அழவில்லை. "ஏனுங்க, அவரு விழுந்த அன்னிக்குக் காய்ச்சலோட உங்ககிட்டத்தான போன்ல லீவு கேட்டாரு? வராட்டி ஆப்ல அவரு ஐடியை முடக்கிருவேன்னீங்க. நான் பக்கத்துல நின்னு கேட்டுட்டுத்தானுங்க இருந்தேன்."

அவர் சொன்னது உண்மைதான். ஆனாலும் வேலை போய்விடுமென்ற பயத்தில் கடிதம் தரவில்லை.

சில மாதங்களில் அந்த வேலையை நானே விட்டுவிட்டேன். அதனால் அந்த அம்மாவுக்கு ஒரு பயனும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.