கம்பத்தில் ஆள் இருந்தார்

அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் வீட்டு மின்சாரத்தை நானே நிறுத்தினேன். அது என் வேலை. திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு துணைமின் நிலையத்தில் நான் ஆப்பரேட்டர். மாதத்தில் ஒரு நாள், காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு மணி வரை, பராமரிப்புக்காக மின்தடை உண்டு. அந்த நாளில் ஊரே எங்களைத் திட்டும். அன்றைக்கு ஊரோடு சேர்ந்து நானும் என்னைத் திட்டிக்கொண்டேன். ஏனென்றால் என் வீட்டுப் படுக்கையறையில், அரிசி டிரம்முக்குப் பக்கத்தில், ஓர் உலகம் பாதி வழியில் நின்றுகொண்டிருந்தது.

உலகம் என்றால் கம்ப்யூட்டர் விளையாட்டு. நான் பாலிடெக்னிக் படித்த காலத்திலிருந்து ஆடி வந்த ஒரு பழைய கோட்டை விளையாட்டு. பொட்டல் காட்டில் ஒரு கோட்டை, அதற்குள் நாம் ஒரே ஆள். கிணறு வெட்டலாம், சுவர் கட்டலாம், கொள்ளைக்காரர்கள் வந்தால் அடித்து விரட்டலாம். எல்லாம் தனியாகத்தான். அதைச் செய்த கம்பெனி என்றைக்கோ அதைக் கைகழுவிவிட்டது. கைகழுவாதவர்கள் நாங்கள் ஆறு பேர். இணையத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து, இவ்வளவு பெரிய கோட்டையில் ஒற்றை ஆளாக இருந்தால் பைத்தியம் பிடிக்காதா என்று புலம்பிக்கொண்டிருந்தோம். புலம்பல் முற்றி, எல்லோரும் ஒரே கோட்டைக்குள் நுழையும்படி அதை மாற்றி எழுத ஆரம்பித்தோம்.

எழுதியது பெரும்பாலும் ஒரே ஆள்தான். சேவுகம்பட்டியில் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடம் விட்டு வந்து, விடைத்தாள் திருத்திவிட்டு, மிச்ச நேரத்தில் நிரல் எழுதுவார். மற்ற நாலு பேரும் நானும் சோதித்துப் பார்ப்போம், குறை சொல்வோம். நிற்காமல் இயந்திரம் ஓட்டத் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பேர் இருந்ததால் சர்வர் என் வீட்டுக்கு வந்தது. மூளை டீச்சருடையது, கரண்ட் பில் என்னுடையது.

முதல் நாள் ஆறு பேரும் உள்ளே போனோம். மூன்று பேர் சுவருக்குள் மாட்டிக்கொண்டோம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அடுத்த மாதம் நாற்பது பேர். ஒட்டன்சத்திரம் மண்டியில் வேலை பார்க்கிற ஒருத்தர் வந்து, கிழக்கு வாசலில் காய்கறி ஏலம் போட ஆரம்பித்தார். "தக்காளி போகுதுங்க, கேக்கறவங்க கேளுங்க" என்று அவர் கூவினால், சண்டைக்கு வந்தவர்கள் கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏலத்தில் நிற்பார்கள். வளைகுடாவிலிருந்து ஒரு நர்ஸ் தினமும் டியூட்டி முடிந்து வந்து, கொல்லையும் கிணறும் வைத்து ஒரு வீடு கட்டினார். மலேசியாவிலிருந்து வந்தார்கள், இலங்கையிலிருந்து வந்தார்கள். இரண்டு வருடத்தில் ஒரே நேரத்தில் முன்னூறு பேர். நாங்கள் எதையும் திட்டமிடவில்லை. ஆள் இருக்கிற இடத்துக்கு ஆள் வந்தது.

கோட்டையில் இடம் போதவில்லை. டீச்சர் பெரிய நிலம் ஒன்றைத் தயார் செய்தார். பழைய கோட்டையில் கட்டியிருந்த அத்தனையையும் ஒவ்வொன்றாகப் புது நிலத்துக்கு மாற்ற வேண்டும். குடிபெயர்ப்பு என்று அதற்குப் பெயர் வைத்தோம். முப்பது மணி நேரம் இயந்திரம் நிற்காமல் ஓட வேண்டும். நடுவில் நின்றால் பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது. வெள்ளிக்கிழமை காலை ஆரம்பித்தோம். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குத் திறப்பு என்று அறிவித்துவிட்டோம்.

முந்தின சனிக்கிழமை வர வேண்டிய மின்தடை பரீட்சைக்காகத் தள்ளிப்போய் இந்தச் சனிக்கிழமைக்கு வந்திருப்பது, வெள்ளி சாயங்காலம் அலுவலகத்தில் காகிதத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஊருக்கெல்லாம் மின்தடை அறிவிக்கிறவனுக்கே தெரியவில்லை! நகல் எடுத்து வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, ஒரு மாதத்துக்கு முந்தையது. புதிதாக எடுக்க இடமில்லை, நேரமுமில்லை. முட்டாள்தனம்தான், நானே சொல்கிறேன்.

வீட்டில் இன்வர்ட்டர் இருந்தது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு சர்வரை மட்டும் ஓட்டினால் ஒன்றரை மணி வரை தாங்கும் என்று கணக்குப் போட்டேன். வழக்கமாகப் பன்னிரண்டரைக்கே வேலை முடிந்துவிடும். தைரியமாகத்தான் டியூட்டிக்குப் போனேன்.

எங்கள் வேலையில் ஒரு நடைமுறை உண்டு. லைனில் வேலை செய்யப் போகிறவர் எங்களிடம் எல்.சி. வாங்குவார். அதாவது, இந்த லைனில் மின்சாரம் இல்லை, நீங்கள் சொல்லும்வரை வராது என்று நாங்கள் கொடுக்கிற உறுதி. வாங்கியவர்தான் தன் வாயால் அதைத் திருப்பித் தர வேண்டும். அதிகாரி சொன்னாலும் செல்லாது, கூட நின்றவர் சொன்னாலும் செல்லாது. பதினோரு வருடத்தில் நான் இதை ஒருமுறைகூட மீறியதில்லை. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதை நான்தான் சொல்லிக்கொடுப்பேன், கொஞ்சம் கர்வத்தோடு.

பன்னிரண்டு மணிக்கு யார்டில் வேலை முடிந்தது. பன்னிரண்டேகாலுக்கு மற்ற லைன்களின் எல்.சி. எல்லாம் திரும்பி வந்தன. ஒன்றுதான் பாக்கி, தாடிக்கொம்பு சாலைப் பக்கம் போகிற லைன். என் வீடு அதில்தான் இருக்கிறது. எல்.சி. வாங்கியிருந்தவர் ஒரு வயர்மேன். ஐம்பதைத் தாண்டியவர், நிதானமான ஆள். அவர் வேலை செய்த கம்பத்தில் மறுபடி ஏற வேண்டி வராது என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம்.

பன்னிரண்டு நாற்பதுக்கு மனைவி கூப்பிட்டாள்.

"ஏங்க, இன்வர்ட்டர் கத்துது. சிவப்பு லைட்டு வந்துருச்சு."

"ஃபேன் ஓடுதா?"

"எல்லாத்தையும் அமத்திட்டேன். பிரிட்ஜையும் பிடுங்கி விட்டுட்டேன். ஒங்க பொட்டி மட்டுந்தேன் ஓடுது. தொண்ணூத்தஞ்சுன்னு காட்டுது."

குடிபெயர்ப்பு நூற்றுக்கு எத்தனை முடிந்தது என்று காட்டும் அதே எண்ணைத்தான் டீச்சரும் தன் வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் ஒரு மணி நேரமாவது வேணும்ணே" என்று செய்தி அனுப்பினார். அரட்டைப் பக்கத்தில் இருநூறு பேர் காத்திருந்தார்கள். எப்போது திறக்கும், என் வீடு வந்துவிட்டதா, என் கிணறு வந்துவிட்டதா என்று கேள்வி மேல் கேள்வி. கண்ட்ரோல் ரூமில் நான் தனியாக நின்றேன். எனக்கும் அந்த உலகத்துக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு சுவிட்ச், அதுவும் கை எட்டுகிற தூரத்தில்.

ஒன்று ஐந்துக்கு வயர்மேனின் செல்லுக்கு நானே போன் போட்டேன். அதுவே தப்பு. வேலை செய்கிறவரை அவசரப்படுத்தக் கூடாது. எடுத்தது அவருடைய உதவியாளர்.

"சொல்லுங்க சார். வேலை முடிஞ்சிருச்சு சார். அண்ணன் அந்தப் பக்கம் நிக்கிறாரு. செத்த நேரத்துல அவரே கூப்பிடுவாரு."

அவரே கூப்பிடுவார் என்பதும் என் காதில் தெளிவாக விழுந்தது. விழவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் எடுத்துக்கொண்டது 'வேலை முடிஞ்சிருச்சு' என்பதை மட்டும். முடிந்துவிட்டது, அவர் கூப்பிடுவது வெறும் சம்பிரதாயம், எப்படியும் இரண்டு நிமிடத்தில் கூப்பிடப் போகிறார் என்று மனசு வேகவேகமாகப் பேசியது. பதிவேட்டில் எல்.சி. திரும்பிய நேரம் ஒன்று ஏழு என்று எழுதினேன். எழுத்து கோணவில்லை. எழுந்து போய், லைனுக்கு மின்சாரம் கொடுக்கிற பிரேக்கர் சுவிட்சைப் போட்டேன்.

ஒரு நொடிகூட நிற்கவில்லை. பிரேக்கர் தானாகவே படாரென்று விழுந்து லைனைத் துண்டித்தது. எச்சரிக்கை ஹூட்டர் அலறியது.

லைனில் ஏதோ தரையோடு சேர்ந்திருந்தால்தான் அப்படி உடனே விழும். அது கிளையாக இருக்கலாம், ஆளாகவும் இருக்கலாம். ஹூட்டரை நிறுத்தினேன். வயர்மேனுக்குப் போன் போட்டேன். முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டேன், ஓய்ந்தது. மூன்றாவது முறையும் ஓய்ந்தது. அந்த மனிதரின் மனைவி ஒரு பொங்கலுக்கு எங்கள் அலுவலகத்துக்கு அதிரசம் கொடுத்து அனுப்பியிருந்தார், அது ஞாபகம் வந்தது. வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை. கோட்டை, முன்னூறு பேர், டீச்சர், எதுவும் இல்லை. நாற்காலியில் உட்காரவும் பயமாக இருந்தது.

போன் அடித்தது.

"சார்." அவருடைய குரல்தான். மூச்சு வாங்கியது. "லைன் கொடுத்தீங்களா?"

"ஆமாண்ணே."

"எர்த் ராடு போட்டிருந்தேன் சார். அதான் பேசிக்கிட்டு இருக்கேன்."

வேலைக்கு முன்னால் கம்பிகளைத் தரையோடு பிணைத்துவிடுவது அவர் வழக்கம். மின்சாரம் தவறி வந்தால் அது ஆளைத் தொடாமல் தரைக்குப் போய்விடும். வேலை முடிந்ததும், அடுத்த கம்பத்தில் ஒரு கம்பி நைந்திருப்பதைப் பார்த்து, அதையும் கட்டிவிடலாம் என்று மறுபடி ஏறியிருக்கிறார். உதவியாளருக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நான் காத்திருந்தால் போதும்.

ஒன்று இருபத்தெட்டுக்கு மனைவி கூப்பிட்டு, "நின்னுருச்சுங்க" என்றாள். சரி என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு மணிக்கு வயர்மேன் நேரில் வந்தார். பதிவேட்டில் ஒன்று ஏழு என்று என் கையெழுத்தில் இருந்ததைப் பார்த்தார். வலது முழங்கையில் சிராய்ப்பு, நெருப்பு தெறித்தபோது கம்பத்தில் இடித்துக்கொண்டதாம். நான் ஏதேதோ சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். அவர் கேட்டுக்கொண்டாரா என்று தெரியவில்லை. "அதை அடிச்சிட்டுக் கீழ எழுதுங்க சார்" என்றார். அடித்தேன். இரண்டு ஐந்து என்று எழுதினேன், அவர் கையெழுத்துப் போட்டார். பிரேக்கர் விழுந்ததற்குக் காரணம் எழுத வேண்டிய இடத்தில் மரக்கிளை என்று எழுதினேன். அதையும் அவர் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

சாயங்காலம் டீச்சர் பேசினார். அழுதிருந்தார் போல, குரல் கம்மியிருந்தது. குடிபெயர்ப்பு தொண்ணூற்றெட்டில் நின்று எல்லாம் குழம்பிவிட்டது. ஒரு மாதத்துப் பழைய நகல்தான் மிச்சம்.

"ஏண்ணே, கொஞ்சம் முன்னாடியே லைன் கொடுத்திருக்கலாம்ல? ஒங்க கையிலதானே இருந்துச்சு?"

"கம்பத்துல ஆள் இருந்தாரு டீச்சர்" என்றேன்.

அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. அடுத்து சொல்ல வேண்டியதைத்தான் சொல்லவில்லை. டீச்சர், "மன்னிச்சிருங்கண்ணே, நான் கேட்டதே தப்பு" என்றார். போனை வைத்ததும் அரட்டைப் பக்கத்தில் எல்லோருக்கும் எழுதினார். நம் உலகத்தைக் காப்பாற்றுகிற சுவிட்ச் அண்ணன் கையில் இருந்தது, ஆனால் கம்பத்தில் ஒரு மனிதர் இருந்தார், அண்ணன் காத்திருந்தார், அதனால் நம் உலகம் போனது என்று.

கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்த இடம் அப்படியே மாறியது. ஒரு மாத உழைப்பை இழந்த நர்ஸ், வீட்டை மறுபடி கட்டிக்கொள்ளலாம் என்று எழுதினார். மண்டிக்காரர் கைகூப்பி, "ஏனுங்க, உங்களை மாதிரி ஒருத்தர் போதுமுங்க" என்றார். அதற்குப் பிறகுதான் எங்கள் விளையாட்டு உண்மையில் வளர்ந்தது. அந்தக் கதையை அவரவர் ஊரில் சொன்னார்கள், அதைக் கேட்டே ஆட்கள் வந்தார்கள். வாடகைக்குப் பெரிய சர்வர் எடுத்தோம். புதுக் கோட்டையின் வாசலில் ஆட்டக்காரர்கள் தாங்களாகவே ஒரு கல்வெட்டு வைத்தார்கள். வெளியே போனவர் தன் வாயால் சொல்லும்வரை இந்தக் கதவு அசையாது என்று அதில் இருக்கும். அதுவே ஆட்டத்தின் சட்டமும் ஆகிவிட்டது. புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் அங்கே கூட்டிப் போய் என் கதையைச் சொல்கிறார்கள்.

முதல் வாரமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்ற பயம் ஒன்று. இன்னொன்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தப் புகழ் எனக்குப் பிடித்திருந்தது. பிடித்தது போய் உறுத்த ஆரம்பித்தபோது, சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். நாலு பத்தி எழுதியும் வைத்திருந்தேன்.

அந்த வாரம் வயர்மேன் எல்.சி. வாங்க வந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகாமல் நின்றார்.

"சார், எம்மக காலேஜ் விட்டு வந்தா ஒரு கோட்டை வெளையாட்டுலயேதான் கெடக்கா. அது ஒங்களோடதாமே? அதுல ஒரு கதை சொல்றாக. ஆளு கம்பத்துல இருந்தாருன்னு ஒருத்தரு லைன் கொடுக்காம நின்னாராம்."

எழுதி வைத்திருந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் போடப்போகிறேன் என்றேன். அவர் பதறிவிட்டார்.

"வேணாம் சார். வீட்ல நான் மூச்சுக் காட்டலை. தெரிஞ்சா தாயும் மகளும் இனி என்னையக் கம்பத்துல ஏற விட மாட்டாக. எனக்கு இன்னும் ஏழு வருசம் சர்வீஸ் கெடக்கு. அந்த ஆளத் தெரியுமாப்பான்னு கேட்டா. தெரியும், நல்ல மனுசன்னு சொல்லிட்டேன். அப்படியே இருந்துட்டுப் போகட்டும் சார்."

"சரிண்ணே" என்றேன்.

இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார், அதனால்தான் இதை எழுதுகிறேன். அவர் என்னிடம் அப்படிக் கேட்டுக்கொண்ட அன்று சாயங்காலம் நான் கோட்டைக்குள் போனபோது, கல்வெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். தன் அப்பாவும் வயர்மேன் என்றாள். அவர் கம்பத்தில் ஏறுகிற ஒவ்வொரு நாளும் வீட்டில் பயந்துகொண்டே இருப்போம், உங்கள் கதையைக் கேட்ட பிறகு கொஞ்சம் பயம் போயிருக்கிறது என்று எழுதினாள்.

"அண்ணா, அது நெசமாவே நீங்கதானா?"

எழுதி வைத்திருந்த நாலு பத்தியைத் திறந்தேன், மூடினேன்.

"ஆமாம்மா, நான்தான்" என்று எழுதினேன்.