அம்மாவுக்குப் பக்கத்து இருக்கை

எங்கள் சபையிலிருந்து எருசலேமுக்கு ஒரு குழு போகிறது என்று தெரிந்த வாரமே அலுவலகத்தில் பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். வேங்கிக்காலில் கட்டட வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. அப்பா போன பிறகு அம்மா வாய்விட்டுக் கேட்ட ஒரே ஆசை, யோர்தானில் கால் நனைத்துவிட்டு வர வேண்டும் என்பது. முழங்கால் சரியில்லாததால் அவளைத் தனியாக அனுப்ப முடியாது. துணைக்கு ஒருவர் போக வேண்டும். அந்த ஒருவர் நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அவள் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தது நான். படிவங்களை நிரப்பியது நான். கண்ணை மூடாமல் ஒரு போட்டோ எடுக்க மூன்று முறை ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனதும் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து சாப்பிடும்போது, அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

“அண்ணி கூட வரட்டும்டி. உனக்குத்தான் ஆபீஸ் இருக்கே.”

“லீவ் குடுத்துட்டாங்கம்மா.”

“கேன்சல் பண்ணிடேன். இன்னொரு வாட்டி போயிக்கலாம்.”

அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “அப்ப பத்து நாளு எனக்கு ஓட்டல் சோறுதானா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன்.

அண்ணி என்னைவிட மூன்றே மாதம் மூத்தவள். ஆனாலும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். ஊர் அடி அண்ணாமலை. கிரிவலப் பாதையில் அவள் அப்பாவுக்கு டீக்கடை. அண்ணனைக் காதலித்து, ஞானஸ்நானம் பெற்று, எங்கள் வீட்டுக்கு வந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெத்லெகேமில் பிறந்தவரை ஏன் நாசரேத்தூர்க்காரர் என்கிறார்கள் என்று இன்னமும் கேட்பாள். நான் ஞாயிறு பள்ளியில் பவுலின் பயணங்களை வரைபடமாகப் போட்டுப் பரிசு வாங்கியவள். அங்கேதான் எனக்கு எரிந்தது.

முகத்தில் எதையும் காட்டவில்லை. பட்டியல் போட உட்கார்ந்தேன். நான்கு பக்கம் வந்தது. மாத்திரை வேளைகள், ஒவ்வொரு இடத்திலும் ஏற வேண்டிய படிகள், கழிப்பறை இருக்கும் பக்கம், எங்கே நின்று எந்த வசனம் வாசிக்க வேண்டும் என்பதுவரை எழுதினேன்.

அண்ணி புரட்டிப் பார்த்தாள். “இன்னா பாப்பா, ஊருக்குப் போறோமா, பரீட்சைக்குப் போறோமா?”

“தேவைப்படும் அண்ணி. ஒரு வாட்டி படிச்சிடுங்க.”

மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். படிக்க மாட்டாள் என்று தெரிந்தது. படிக்காமல் போய் மாட்டிக்கொள்ளட்டும் என்றும் தோன்றியது.

அவர்கள் போனதிலிருந்து குடும்ப வாட்ஸப் குழுவில் படங்கள் வந்தபடி இருந்தன. கலிலேயாக் கடலில் படகு. அண்ணியின் தோளில் அம்மா சாய்ந்திருந்தாள். நான் வைத்து அனுப்பிய பழுப்பு ஸ்வெட்டரைக் காணோம், அண்ணியின் சால்வையைப் போர்த்தியிருந்தாள். யோர்தானில் இருவரும் வெள்ளை அங்கியோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். படிக்கட்டில் உட்கார்ந்து கால் மட்டும் நனைத்தால் போதும் என்று இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தேன். பேருந்துக்குள் எடுத்த படத்தில் அம்மா வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்து இருக்கையைத்தான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

ஏழாம் நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், சபை வாட்ஸப் குழுவில் போதகர் ஒரு செய்தி போட்டார். எருசலேமின் பழைய நகரக் கடைவீதியில் எங்களோடு வந்த ஒரு தாயார் பிரிந்துவிட்டார், ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று. மெதுவாக நடப்பவள் போனவர்களில் ஒருத்திதான்.

முதலில் எனக்கு வந்தது பயம் இல்லை. ‘பார்த்தாயா?’ என்ற நினைப்புத்தான் வந்தது. பயம் அதற்கு அடுத்த நொடியில் வந்தது. அந்த வரிசையை இன்றுவரை என்னால் மாற்றிச் சொல்ல முடியவில்லை.

அம்மாவின் போன் அணைந்திருந்தது. அண்ணியை அழைத்தேன். கம்ப்யூட்டரில் வரைபடம் திறந்திருந்தது.

“அண்ணி, இப்ப எந்தச் சந்துல இருக்கீங்க? வலது பக்கம் திரும்பி நேராப் போங்க. மூணாவது பக்கத்துல கைடு நம்பர் இருக்கு பாருங்க.”

“பாப்பா, போனை வை. அம்மா எங்க இருப்பாங்கனு எனக்குத் தெரியும்.”

வைத்துவிட்டாள். பதினெட்டு நிமிடம் ஆனது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அண்ணியின் எண்ணிலிருந்து அம்மா பேசினாள்.

“நான் எங்கடி தொலைஞ்சேன்? அவங்கதான் என்னை உட்டுட்டுப் போயிட்டாங்க. நான் மாதுளம்பழ ஜூஸ் கடையில உக்காந்துனு இருந்தேன். ரெண்டு கிளாஸ் குடுத்தாரு, நல்ல மனுசன்.”

விஷயம் இதுதான். பௌர்ணமிக் கூட்டத்தில் பிரிந்துபோகிறவர்கள் பலர் அண்ணியின் அப்பா கடையில்தான் உட்கார்ந்திருப்பார்களாம். தேடுகிறவர், தொலைந்தவர் இரண்டு பேருமே நடந்துகொண்டிருந்தால் விடிய விடிய மலையைச் சுற்ற வேண்டியதுதான். ஒருவர் உட்கார வேண்டும். அதனால் இந்தப் பயணத்தில் போன ஒவ்வொரு இடத்திலும், இறங்கியதும் முதல் வேலையாக அம்மாவுக்கு ஓர் இடத்தைக் காட்டிவைத்திருக்கிறாள் அண்ணி. “என்னைக் காணோம்னா இங்க வந்து குந்திக்கோங்க, அத்தை.” என் நான்கு பக்கத்தில் அந்த வரி இல்லை.

திரும்பி வந்ததும் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தோம். அம்மா ஜூஸ் கடைக் கதையைச் சாட்சியாகச் சொன்னாள். எல்லோரும் சிரித்து, கடைசியில் அல்லேலூயா சொன்னார்கள். நான் அடுக்களையில் யோர்தான் தண்ணீரைச் சின்னச் சின்னப் பாட்டில்களில் ஊற்றிக்கொண்டிருந்தேன். தட்டு எடுக்க வந்த அம்மாவிடம் கேட்டேவிட்டேன்.

“என்னை ஏம்மா கூட்டினு போகல?”

அவள் ஒரு பாட்டிலின் மூடியை இறுக்கினாள்.

“நீ வந்திருந்தா கால் வலிக்குதுனு சொல்லவே எனக்குப் பயமா இருந்திருக்கும்டி. உன் பேப்பர்ல அடுத்தது ஒண்ணு இருக்குமே. அவகிட்ட வலிக்குதுன்னேன். அவளும் கூட உக்காந்துட்டா.”

தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குப் பாட்டில்களின் எண்ணிக்கை விட்டுப்போனது.

அடுத்த குழுவுக்கு என் பட்டியலைக் கேட்டுப் போதகர் அழைத்தபோது, அதில் முதல் வரியாக ஒன்றைச் சேர்த்தேன்: ‘ஒவ்வொரு இடத்திலும் இறங்கியதும், பிரிந்தால் வந்து உட்கார வேண்டிய இடத்தைக் காட்டிவிடவும்.’ கடைசிப் பக்கத்தில் ‘தயாரித்தவர்’ என்று என் பெயர் மட்டும் இருந்தது. அப்படியே சபைக் குழுவில் போட்டேன்.

நன்றி சொன்னவர்களுக்கு நடுவே அண்ணியும் எழுதியிருந்தாள்: “சூப்பர் பாப்பா. முதல் பாயின்ட் ரொம்ப முக்கியம்.” கூடவே கைதட்டும் படம்.

அதில் கிண்டல் இருக்கிறதா என்று பலமுறை படித்துப் பார்த்தேன். இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.