கோட்டுக்குக் கீழே நாலு குடித்தனம்

வாயைத் திறந்து திறந்து மூடி, சத்தமே இல்லாமல் பாடிக்கொண்டிருக்கிறார் குவாக் இன்சுக். வலதுகை மவுஸில். திரையில் ஐந்து கோடுகள், அவற்றின்மேல் சுரங்கள், கோடுகளுக்குக் கீழே பாட்டின் வார்த்தைகள். ஒவ்வோர் அசையும் தன் சுரத்துக்கு நேர் அடியில் உட்கார வேண்டும். ஓர் அசை மயிரிழை இடப்பக்கம் சாய்ந்தாலும் தன் கழுத்தே சுளுக்கிக்கொண்டதுபோல முகம் சுளிப்பார். சரியாக உட்கார்ந்துவிட்டால் இடதுகையின் இரண்டு விரல்கள் விசைப்பலகையில் ‘டக்’கென்று தட்டும். சேமித்தாயிற்று.

இந்தத் தட்டல் கணினியோடு நிற்பதில்லை. கிம்ச்சி ஊறுகாயில் உப்பு சரியாக அமைந்தால் சமையல் மேடையில் ஒரு தட்டு. சியோலுக்குப் போன மகள் பத்திரமாகச் சேர்ந்துவிட்டதாகப் போன் செய்தால் தொடையில் ஒரு தட்டு. தட்டுவது அவருக்கே தெரியாது.

தென்கொரியாவின் குன்சான் துறைமுகத்தின் பின்தெருவில் பியானோ வகுப்பு நடத்தியவர். பிள்ளைகள் குறைந்து வகுப்பை மூடிய பிறகு, ஊரிலுள்ள தேவாலயப் பாடகர் குழுக்களுக்குப் பாட்டுத்தாள் அமைத்துத் தருகிறார். சத்தமாகப் பாடு, மெதுவாகப் பாடு, மூச்சு எடு என்கிற குறிகளையெல்லாம் கோட்டுக்கு மேலே ஏற்றிவிடுவார். “வார்த்தை கீழ்வீடு, மத்தவங்க எல்லாரும் மாடி. மாடிக்காரன் கீழ வந்து காலை நீட்டினா சண்டைதான்” என்பார். எழுத்தைச் சிறிதாக்கி இடம் பண்ணச் சொன்னால் மட்டும் திடீரென்று காது மந்தமாகிவிடும். குழுவில் பாதிப்பேர் கண்ணாடி போட்டுக்கொண்டே கண்ணாடியைத் தேடுகிற வயது.

சந்தையில் கருவாடு விற்கும் மா ஓக்பூனுக்கும் அந்த வயதுதான். பெண்களில் தாழ்குரல் வரிசையில் நிற்பவர். பாட்டின் சரணங்கள் நான்கையும் கோட்டின் கீழ் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவது இங்கே வழக்கம். இரண்டே பக்கத்தில் பாட்டு அடங்கிவிடும். ஆனால் ஒரு கோட்டு வரிசை முடிந்து அடுத்த வரிசையின் தொடக்கத்துக்குக் கண் தாவும்போது எந்த அடுக்கில் இறங்குவது என்பதுதான் வம்பு. போன கிறிஸ்துமஸில் எல்லாரும் இரண்டாம் சரணத்தில் மேய்ப்பர்களோடு நிற்க, ஓக்பூன் மட்டும் மூன்றாம் சரணத்தில் இறங்கி ராஜாக்களை ஒட்டகத்தோடு உள்ளே அழைத்து வந்துவிட்டார். சன்னமான குரலாக இருந்தால் தப்பித்திருக்கலாம். கருவாடு கூவி விற்ற குரல். சபையே சிரித்தது.

அதன்பின் கொயர் மாஸ்டர் பியோ அவரைத் தனியே அழைத்துப் பேசினார். பேசியது என்னவென்று கருவாட்டைத் தாளில் சுற்றியபடியே ஓக்பூன் இன்சுக்கிடம் சொன்னார். “ஈஸ்டருக்கு வாயை மட்டும் அசைச்சாப் போதுமாம் டீச்சர். சத்தம் வேண்டாமாம். முப்பது வருஷமாப் பாடின தொண்டை, இனிமே பொம்மை வேஷம் கட்டணுமாம்.”

தாளில் அப்படி அடுக்கியது இன்சுக்கின் கைதானே. உங்களுக்கு மட்டும் சரணங்களைப் பிரித்துத் தனித்தாள் போட்டுத் தருகிறேன் அக்கா என்றார். ஓக்பூன் நிமிர்ந்து பார்த்தார். “எல்லாருக்கும் சோறு, எனக்கு மட்டும் கஞ்சியா? வேண்டாம் டீச்சர்.”

ஆகவே எல்லாருக்குமே கஞ்சி என்று இன்சுக் முடிவு செய்தார். நாலு குடித்தனத்துக்கும் தனித்தனி வீடு. ஈஸ்டர் பாட்டின் ஒவ்வொரு சரணத்தையும் முழுதாக எழுதி, கோட்டின் கீழ் ஒரே ஒரு வரி வார்த்தை. தாள் இரண்டு பக்கத்திலிருந்து எட்டாகியது. இதென்ன புத்தகமா என்று பியோ கேட்டார். இன்சுக் கண் சிமிட்டாமல், “நாலு சரணத்தையும் அடுக்கினா இடிக்குது மாஸ்டர். ப்ரோக்ராம் ஒத்துக்க மாட்டேங்குது” என்றார். கணினி என்றாலே பியோவுக்கு நடுக்கம், எட்டுப் பக்கத்துக்கும் தலையாட்டிவிட்டார். தேவாலயத்துக்குள் நின்று பொய் சொன்னதற்கு இன்சுக் படி இறங்கும்போதே கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

பக்கம் கூடியதும் வேறொரு தொல்லை வந்தது. மூன்றாம் சரணத்தைத் தாழ்குரல் வரிசை தனியாகத் தொடங்க வேண்டும். அந்தத் தொடக்கம் சரியாகப் பக்கத்தைப் புரட்டுகிற இடத்தில் விழுந்தது. இன்சுக் சமையலறையில், பாடகர்கள் தாளை வைத்துப் பிடிக்கிற கறுப்பு அட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டு, வாயசைத்து, புரட்டிப் பார்த்தார். புரட்டி முடிப்பதற்குள் முதல் வார்த்தை ஓடிவிட்டது. இரண்டாம் சரணத்தின் கடைசி வரியை அடுத்த பக்கத்துக்குத் தள்ளினால், அதற்கு முன்னால் மேல்குரல்காரர்கள் ஹல்லேலுயாவை நீட்டும்போது நிதானமாகப் புரட்டலாம். ஆனால் அந்தப் பக்கம் நெரிசலாகும். பியானோவின் கோடுகளை நெருக்கினார், குறிகளை மாடியிலேயே ஓரம் ஒதுக்கினார். வார்த்தைகளைத் தொடவில்லை. கடைசி அசை நேரானபோது பார்லித் தேநீர் ஆறிப்போயிருந்தது.

ஒத்திகைகளில் ஓக்பூன், மாஸ்டர் சொன்னபடி வாயை மட்டுமே அசைத்தார். தாளை மட்டும் எல்லாரோடும் சேர்ந்து ஒழுங்காகப் புரட்டினார்.

ஈஸ்டர் காலை. இன்சுக் கடைசி பெஞ்சில். இரண்டாம் சரணம் முடியப் போகிறது. மேல்குரல்கள் ஹல்லேலுயாவை நீட்ட, கறுப்பு அட்டைகள் எல்லாம் ஒன்றாகப் புரள்கின்றன. ஓக்பூன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு மாஸ்டரைப் பார்க்கிறார். பிறகு தாளைப் பார்க்கிறார். கடைசி வரி முடிந்ததும் தாழ்குரல் வரிசை தொடங்குகிறது. அதற்குள்ளிருந்து, சந்தை முழுக்கக் கேட்கிற அந்தக் குரல், மூன்றாம் சரணத்தின் முதல் வார்த்தையை முழுத் தொண்டையில் பாடுகிறது. கோடு முடிகிறது, அடுத்த கோடு வருகிறது, அதே சரணத்தில்தான் போகிறது. மாஸ்டரின் கை அடக்கு என்று தாழவில்லை.

கடைசி பெஞ்சில், முன்பெஞ்சின் மரச்சட்டத்தின்மேல், இன்சுக்கின் இடதுகை விரல்கள் இரண்டும் ‘டக்’கென்று தட்டின.