பிரேக் பிடித்த கை

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. கண்ணாடிக் கடையில் பார்வை அளப்பவள் நான். இந்த எழுத்து தெரிகிறதா, அந்த எழுத்து தெரிகிறதா என்று கேட்டுக் கேட்டே என் பொழுது போகிறது. கண் எப்படியெல்லாம் ஏமாற்றும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அடித்துச் சொல்கிறேன். அன்று என் வீட்டுப் பின்னறையில் நான் பார்த்தது கண்கோளாறு இல்லை. நிஜமாகவே நடந்தது.

முதலில் என் கணவர். ஏசி மெக்கானிக். கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது, ரயிலைத் தவிர. நிஜ ரயில் அல்ல, கம்ப்யூட்டரில் ஓட்டும் சிமுலேட்டர் ரயில். அதிலும் கரி எஞ்சின்தான் வேண்டும். அவர் பிறப்பதற்கு முன்பே நின்றுபோன எஞ்சின்களின் விசிலைக் கேட்டுக் கண் கலங்குவார். நான் பக்கத்து அறையிலிருந்து கத்தினால் மட்டும் காதில் விழாது. பார்க்கவே பார்க்காத ஒன்றுக்காக ஒரு மனுஷன் எப்படி ஏங்க முடியும் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு வருஷமாக ஒரே பாதைதான். மலை ஏறி, குகைக்குள் நுழைந்து வெளியே வரும் ஒரு கிளைப் பாதை. எப்போதோ மூடிவிட்டார்கள். பழைய போட்டோக்களைப் பார்த்துக் கல் கல்லாக, மரம் மரமாக அதைக் கம்ப்யூட்டருக்குள் கட்டிக்கொண்டிருந்தார். அதற்குத் துணை ஒரு சிநேகிதர். ரயில்வேயில் சிக்னல் ரிப்பேர் பார்த்து ரிடையர் ஆனவர். எல்லோருக்கும் அவர் சிக்னல் அண்ணன். இரண்டு பேரும் உட்கார்ந்தால் டீ போட்டே என் கை ஓய்ந்துவிடும்.

ஒருநாள் சிக்னல் அண்ணன் ஒரு துணிப் பொட்டலத்தோடு வந்தார். உள்ளே கனமான பித்தளைக் கைப்பிடி. நிஜ எஞ்சினின் பிரேக். பழைய இரும்புக் கடையில் கிடைத்ததாம். என் கணவர் குழந்தை மாதிரி குதித்தார். அன்றைக்கே அதைப் பின்னறை மேஜையில் போல்ட் போட்டு முடுக்கி, வயர் இழுத்து, கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டார். கைப்பிடியை இழுத்தால் திரையில் ரயில் நிற்கும்.

"தொட்டுப் பாரேன்" என்றார்.

தொட்டேன். சுட்டது.

"வெயில்ல வச்சிருந்தீங்களா?"

"ஏசி அறையில ஏது வெயில்?"

திரையில் எஞ்சினின் உள்பக்கம் தெரிந்தது. அடுப்பு, அளவு காட்டும் முட்கள், குழாய்கள். ஆள் யாரும் இல்லை.

"டிரைவர் எங்க?"

"ஆளுங்கள இன்னும் செய்யல. அதுதான் கடைசி வேலை."

இல்லாத ரயிலுக்கு ஆள் வேறு கேடா என்று நினைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் அவருக்குத் திடீரென்று வயிற்று வலி. குடல்வால் என்றார்கள். உடனே ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது. மறுநாள் சாயங்காலம், அவருக்கு மாற்றுத் துணியும் போன் சார்ஜரும் எடுக்க நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். சரியான மழை. கதவைத் திறக்கும்போது மணி ஆறே முக்கால்.

உள்ளே கரி வாசனை.

கேஸ் அடுப்பைப் போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. திரும்பி நடக்கையில் காலில் ஏதோ நறநறத்தது. குனிந்து தடவினேன். விரலெல்லாம் கறுப்பு. கரித்தூள். முதல்நாள் காலை நான் துடைத்த தரை அது. அதற்குப் பிறகு பூட்டிய வீடு.

அப்போதுதான் பின்னறையிலிருந்து அந்தச் சத்தம்.

சரக்... தட்.

சரக்... தட்.

மண்வெட்டியால் எதையோ அள்ளி, எதற்குள்ளோ வீசுகிற சத்தம்.

மனுஷன் கம்ப்யூட்டரை அணைக்காமல் வந்துவிட்டார் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. போன் போட்டேன்.

"சிமுலேட்டர ஓடவிட்டுட்டு வந்துட்டீங்களா?"

"இல்லையே. பிளக்கையே புடுங்கிட்டேனே."

"சத்தம் கேக்குது."

"மழைச் சத்தமா இருக்கும். சார்ஜர் மறந்துடாத."

பின்னறைக் கதவைத் தள்ளினேன். முகத்தில் அனல் அடித்தது. பிளக் தரையில்தான் கிடந்தது. ஆனால் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்பு செக்கச்செவேல் என்று கனன்றது.

எஞ்சினுக்குள் ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

முதுகுதான் தெரிந்தது. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கம்ப்யூட்டர்ப் படம் என்றால், கிட்டப் போகும்போது புள்ளி புள்ளியாக உடையும். கிட்டப் போய்ப் பார்த்தேன். அவன் கழுத்து மயிரில் வியர்வைத் துளி உருண்டது. எதுவும் உடையவில்லை.

போய்விடலாம் என்றுதான் திரும்பினேன். சத்தியமாக.

அப்போது ரயில் குகைக்குள் நுழைந்தது. அறை இருண்டது. அடுப்பு வெளிச்சம் மட்டும். குகையின் மறுவாய் சின்னதாக, வெள்ளையாகத் தெரிந்தது. அது பெரிதாகிக்கொண்டே வந்தது. அதற்கு நடுவில் ஏதோ ஒரு கறுப்புப் புள்ளி...

குழந்தை.

தண்டவாளத்துக்கு நடுவில் நின்றது. மூன்று வயதுகூட இருக்காது. வேறெங்கும் பார்க்கவில்லை. என்னையே பார்த்தது.

அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ரயில் வேகம் குறையவில்லை.

படம்தான், வெறும் படம்தான் என்று இதைக் கேட்டவர்கள் எத்தனையோ முறை சொல்லிவிட்டார்கள். அந்த நேரத்தில் அங்கே நின்று பாருங்கள். என் கை தானாகப் பித்தளைக் கைப்பிடியைப் பிடித்தது. இழுத்தேன்.

அசைந்தது. உடனே திரும்பிப் போனது.

யாரோ எதிர்ப்பக்கம் தள்ளினார்கள்.

மறுபடி இழுத்தேன். மறுபடி தள்ளினார்கள். மேஜை அருகே என்னைத் தவிர யாரும் இல்லை. ஆனால் என் விரல்கள்மேல் வேறு விரல்கள் இருந்தன. தடித்த விரல்கள். சூடான விரல்கள். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தன.

திரையில் அவன் திரும்பினான்.

முகமெல்லாம் கரி. கண் மட்டும் வெள்ளை. அவன் பார்த்தது என் முகத்தைக்கூட அல்ல. என் கையை.

"விடுடி..."

ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை அந்தக் குரல். என் காதோரம் வந்தது.

அவன் கையை ஓங்கினான். கையில் ஸ்பேனர்.

என் மணிக்கட்டில் இடி இறங்கியது.

விடவில்லை நான். இரண்டு கையாலும் பிடித்து, மொத்த உடம்பையும் கொடுத்துத் தொங்கினேன்.

கிரீ...ச்...

நின்றது.

எஞ்சின் குகைக்கு வெளியே. பெட்டிகள் எல்லாம் குகைக்கு உள்ளே. குழந்தை தண்டவாளத்தை விட்டு இறங்கி, மெல்ல நடந்து ஒதுங்கியது. அப்பாடா. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சத்தமாகச் சிரித்தே விட்டேன்.

அவன் சிரிக்கவில்லை.

என்னைப் பார்த்தான். அதுபோல ஒரு வெறுப்பை நான் எந்த மனித முகத்திலும் பார்த்ததில்லை. பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி, பின்னால் குகையைப் பார்த்தான்.

விசில்.

திரையிலிருந்து அல்ல.

எனக்குப் பின்னால்.

என் வீட்டுக் கூடத்திலிருந்து...

தரை அதிர்ந்தது.

எல்லாம் அணைந்தது.

எப்படித் தெருவுக்கு வந்தேன் என்று எனக்குத் தெரியாது. செருப்பில்லாமல் மழையில் நின்றுகொண்டிருந்தேன். வலது மணிக்கட்டு வீங்கித் தொங்கியது. கணவர் இருந்த அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் கீறல். அவரிடம் பிரேக்கைப் பற்றிச் சொன்னேன், அவனைப் பற்றிச் சொன்னேன், குழந்தையைப் பற்றிச் சொன்னேன்.

"தனியா இருந்த பயம். இருட்டுல வழுக்கி விழுந்திருக்க" என்றார்.

அவரை டிஸ்சார்ஜ் செய்த அன்று சிக்னல் அண்ணன் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே என் கைக்கட்டைப் பார்த்தவர், உள்ளே வரக் கால் எடுத்து வைக்கவில்லை.

"கை என்னாச்சு தங்கச்சி?"

"வழுக்கி விழுந்துட்டா" என்றார் என் கணவர்.

சிக்னல் அண்ணன் அவரைப் பார்க்கவே இல்லை. "அந்தக் கைப்பிடிய எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன். அது எந்த எஞ்சின்லேருந்து வந்துச்சுன்னு நேத்துதான் தெரிஞ்சுது."

"எந்த எஞ்சின்?" என்றேன்.

அவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். அதே மலைப் பாதை. அவர் வேலைக்குச் சேர்வதற்கு ரொம்ப முன்னால். ஒரு பாசஞ்சர் வண்டி காரணமே இல்லாமல் குகையில் நின்றுவிட்டது. முன்னே போன வண்டி இந்நேரம் தாண்டியிருக்கும் என்று நம்பி, பின்னாலேயே ஒரு கூட்ஸை அனுப்பியிருந்தார்கள். இருட்டில் அது வந்து மோதியது. கடைசிப் பெட்டிகளில் இருந்த ஒருவர்கூட மிஞ்சவில்லை. அதற்குப் பிறகுதான் அந்தப் பாதையை மூடினார்கள்.

"டிரைவர் பொழச்சுக்கிட்டார். ஆனா பைத்தியம்னு முத்திரை குத்திட்டாங்க" என்றார்.

"ஏன்?"

"பிரேக்க நான் புடிக்கல, ஒரு பொம்பளைக் கை வந்து புடிச்சுதுன்னு சாகிற வரைக்கும் சொல்லிட்டிருந்தாராம். ஸ்பேனரால அடிச்சும் அவ விடலையாம்."

என் கணவர் என் கைக்கட்டைப் பார்த்தார்.

எனக்கு ஒன்றைத்தான் கேட்க வேண்டியிருந்தது. "அண்ணே... லைன்ல ஒரு குழந்தை நின்னுச்சே. அதுக்காகத்தான..."

"குழந்தையா? அங்க ஏதும்மா குழந்தை? ரெண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. லைன் சுத்தமா காலியா இருந்துச்சுன்னுதான் டிரைவர் சொன்னாராம்."

அப்படியானால் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது எது?

சிக்னல் அண்ணன் உள்ளே போய்க் கைப்பிடியைக் கழற்றித் துணியில் சுற்றினார். போகும்போது, தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி சொன்னார்:

"வண்டி நின்னதக்கூட அவர் மறந்திருப்பாராம். நின்ன உடனே அந்தப் பொம்பளை சிரிச்சாளாம் பாரு... அதைத்தான் அவரால மறக்கவே முடியலையாம்."

நான் சிரித்ததை மட்டும், அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.